பின்பாட்டுக்கு விட்ட இடம்

(இராமநாதபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கரையோரத்துப் பாட்டுக்காரர் ஒருவர் தானே சொல் கட்டி, தானே மெட்டுப் பிடித்து, முதல் தடவையாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்ப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் பதிவு எப்படி அமைய வேண்டும்? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். வழக்கமாகக் கிடைக்கிற விடை எல்லோருக்கும் தெரியும். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெறுமையாகக் கேட்கிறது. அடியில் கீபோர்டு விரிப்போம், தவிலோ பறையோ சேர்ப்போம், கொஞ்சம் எக்கோ கொடுத்தால் எடுபடும் என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். நான் இதற்கு நேர்மாறாக வாதாட வந்திருக்கிறேன். முதல் பதிவு எளிமையாகவே இருக்க வேண்டும். ஏழைப் பாட்டுக்காரர் என்ற பரிவினால் இதைச் சொல்லவில்லை. பழையது அப்படியே இருக்கட்டும் என்ற பிடிவாதமும் எனக்கில்லை. அந்தப் பாட்டு எந்த வழியில் உண்டாகிறதோ அந்த வழியே இந்த எளிமையைக் கேட்கிறது என்பதுதான் என் வாதம்.

வழி என்று சொன்னதை விளக்க நம் கரையின் அம்பாப் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். கரைவலை இழுப்பு எப்படி நடக்கும் என்பதை இந்த அவையில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வலையை வல்லத்தில் ஏற்றுவார்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். வல்லம் கடலுக்குள் அரைவட்டம் போட்டு வலையை இறக்கிவிட்டு, மறுமுனைக் கயிற்றோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க வேண்டும். நடுவே மீன் சேரும் மடி கரைக்கு வந்து சேர மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் எல்லோருடைய பலமும் ஒரே நொடியில் கயிற்றில் விழ வேண்டும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் கை தேயுமே தவிர வலை நகராது. அதற்காகத்தான் ஒருவர் அம்பா பாடுகிறார். அவர் ஒரு சின்ன அடியைப் போடுவார். மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பின்பாட்டில்தான் இழுப்பு விழும். முன்பாட்டு விழும் நேரத்தில் கால் மணலில் இடம் மாறும், கை கயிற்றில் ஒரு பிடி முன்னே போகும்.

இதை ஒரு வேலைப் பாட்டு என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இதில் இருக்கிறது. பின்பாட்டு நடக்கிற அந்த இரண்டு மூன்று நொடியில் முன்பாட்டுக்காரர் என்ன செய்கிறார்? கயிற்றை அவரும் இழுக்கிறார், ஆனால் வாய் சும்மா இருக்கிறது. அடுத்த அடியை அவர் கட்டுவது அப்போதுதான். அடுத்தது போன அடியோடு ஓசையில் பொருந்த வேண்டும். பத்துப் பேர் மூச்சுக்குள் அடங்க வேண்டும். சோர்ந்து நிற்கிற ஒருவரைச் சீண்ட வேண்டும், அல்லது மாதாவையோ அல்லாவையோ முருகனையோ கூப்பிட வேண்டும், அல்லது கச்சான் காற்றைத் திட்ட வேண்டும். எழுதுகிறவருக்கு மேசையும் விளக்கும் கொடுக்கிற அவகாசத்தை இவருக்குப் பின்பாட்டு கொடுக்கிறது. ஆகவே பின்பாட்டை வெறும் அலங்காரம் என்றோ, திரும்பத் திரும்ப வருகிற நிரப்பல் என்றோ நினைப்பது பெரிய பிழை. பாட்டு உண்டாகிற இடமே அந்த இடைவெளிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் மைக்கை நீட்டுகிறவர், பாட்டின் பாதியை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறார்.

கடலுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல இது. உள்நாட்டுக்குப் போனால் நடவுப் பாட்டில் குலவை அந்த இடைவெளியைத் தருகிறது. ஒப்பாரியில், அடி முடிந்து நீளுகிற அழுகை தருகிறது. அந்த நீட்டலுக்குள்ளேயே செத்தவரின் அடுத்த குணம் நினைவுக்கு வந்து சொல்லாகிவிடுகிறது. தாலாட்டில் தூளி ஒரு தடவை போய்த் திரும்புகிற நேரம் தருகிறது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஒரு பெண், நூற்றுக்கணக்கான அடிகளைத் தடுமாறாமல் கட்டிப் பாடுகிறார் என்று நாம் வியக்கிறோம். வியப்பில் தவறில்லை. ஆனால் அது மாயம் அல்ல, தொழில் நுட்பம். இடைவெளியைக் கையாளத் தெரிந்த தொழில் நுட்பம்.

இந்த நுட்பத்தோடு கூடத்துக்குள் போன ஒருவரை நம் பழைய மாவட்டமே தந்திருக்கிறது. காளையார்கோவில் பக்கத்துக் கொல்லங்குடியைச் சேர்ந்த கருப்பாயி அவர்கள். சிவகங்கைப் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1985இல். அதே ஆண்டின் கடைசியில்தான் பாண்டியராஜனின் 'ஆண்பாவம்' படம் வெளிவந்து, பாட்டியாக நடித்துப் பாடிய அவரைத் தமிழ்நாடு முழுவதற்கும் தெரியவைத்தது. அதற்கு முன்பே வானொலி அவர் குரலை அறிந்திருந்தது. 1993இல் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூனில், 99 வயதில் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் வயதையும் வெகுளித்தனத்தையும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் பாடும்போது சொல்லும் மெட்டும் தனித்தனியாகப் பிரிவதே இல்லை. பேச்சு எங்கே நின்று எங்கே பாட்டாகிறது என்று கோடு கிழிக்க முடியாது. அடியின் கடைசி அசை சற்றே தாழ்ந்து இழையும். அடுத்த அடி அந்தத் தாழ்விலிருந்து மேலேறும். நம் சீமைப் பெண்கள் வாசலில் நின்று பக்கத்து வீட்டாரோடு பேசும்போது எழுகிற அதே ஏற்ற இறக்கம். அதனால் வேறொருவர் அவர் பாட்டைச் சுத்தமான சுருதியில் பாடினாலும் அது அவர் பாட்டாக இருப்பதில்லை. இப்படிப்பட்ட குரலைப் பதிவு செய்கிறவர் முதலில் கற்க வேண்டியது கையை மடக்கிக்கொண்டு கேட்பது.

இன்றைய கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பாடகர் தனியாக நிறுத்தப்படுகிறார். காதில் ஹெட்போன். அதில் தாளத்துக்கு ஒரு கிளிக் ஓசை, விடாமல், ஒரே அளவில். பின்பாட்டுக்காரர்கள் இல்லை, அதைப் பிறகு வேறு ஆட்களை வைத்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார்கள். எனவே அவர் அடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். இழுப்பு இல்லாததால் மூச்சு எங்கே விட வேண்டும் என்பது அவருக்கே தெரியாமல் போகிறது. கரையில் காற்றையும் அலையையும் மீறிக் கேட்கப் பழகிய குரல். இங்கே மைக்குக்கு அது அதிகம் என்று குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் அந்தக் குரலின் மேல்முனையில் இருந்த கூர்மை மழுங்கிவிடும். பிறகு மிக்ஸிங். அடிகளுக்கு நடுவே எங்கெல்லாம் வெற்றிடம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு கருவி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாகசுரத் துணுக்கு, ஒரு புல்லாங்குழல் சுழிப்பு, ஒரு உருமிச் சத்தம். முன்பு கயிறு நகர்ந்த இடம் அது. சொல் பிறந்த இடம் அது. அதை நிரப்பியபின் கேட்கிறவருக்குப் பாட்டு முழுமையாக இருப்பதுபோல் தோன்றும். பாடியவருக்கு மட்டும் ஏதோ தன்னுடையது இல்லை என்று படும். அது என்ன என்று அவரால் சொல்லவும் முடியாது. அவருக்கு அந்த இடைவெளி வேலையின் பகுதி, இசை விதி அல்ல.

இயந்திரம் பாட்டை வளைப்பது புதிதல்ல என்று சொல்வீர்கள். உண்மை. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் மூன்று நிமிடம்கூடத் தாங்காத தட்டில் ஒரு ராகத்தின் சாரத்தை அடக்க வேண்டியிருந்தது. மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். மின்சார ஒலிவாங்கி வந்தது 1925 வாக்கில்தான். பாடி முடித்ததும் அவர் தன் பெயரைத் தட்டிலேயே சொல்லி வைத்தார். தட்டுகள் அச்சான ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் எது யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டுமே. அன்றைய நெருக்கடியை நாம் மன்னிக்கலாம், ஏனென்றால் இயந்திரத்தால் அதற்கு மேல் முடியாது. இன்றைக்கு அப்படி ஒரு தடை ஏது? ஒரு மணி நேரப் பாட்டை வெட்டாமல் பதிவு செய்ய முடியும். கரகரப்பையும் கிசுகிசுப்பையும் ஒரே மைக் வாங்கிக்கொள்ளும். பத்துப் பேரை ஒரே அறையில் நிறுத்தி ஒரே மூச்சில் எடுக்கலாம். இயந்திரம் விட்டுக்கொடுத்தபிறகும் நாம் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறோம். மூன்று நான்கு நிமிடம், முகப்பு இசை, இடையிசை, சரணம் என்ற சினிமாப் பாட்டின் சட்டத்தைப் பாட்டுக்காரரின் தலையில் நாமாகத்தான் கவிழ்க்கிறோம்.

எதிர்வாதங்களில் முதலாவதும் வலுவானதும் கேட்பவரைப் பற்றியது. இசை சேர்க்காமல் போட்டால் யார் கேட்பார்கள்? பையன்கள் இரண்டு நொடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். யாருக்கும் எட்டாத பாட்டைச் சுத்தமாகப் பதிவு செய்து என்ன பயன்? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1962 மார்ச்சில் வெளிவந்த பாப் டிலனின் முதல் தட்டு ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன் மட்டுமே. இரண்டு நாள் கூடத்தில் இருந்து, சில நூறு டாலர் செலவில் முடித்த வேலை. முதல் ஆண்டில் ஏறத்தாழ ஐயாயிரம் தட்டுதான் விற்றது. கம்பெனிக்குள்ளேயே கேலி பேசினார்கள். ஆகவே எளிமையான முதல் பதிவு உடனே ஊரைப் பிடித்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பிடிக்காமலும் போகலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். எளிமையாக எடுத்த பதிவிலிருந்து பின்னால் எத்தனை விதமாகவும் அலங்கரித்த பதிவுகள் செய்யலாம்; கல்யாண வீட்டுக்கு ஒன்று, திருவிழா மேடைக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று. அலங்கரித்த ஒன்றிலிருந்து மூலத்துக்குத் திரும்பி வர வழியில்லை. அதனால்தான் முதல் பதிவு, முதல் பதிவு என்று வற்புறுத்துகிறேன். இரண்டாவதில் நீங்கள் கேட்கிற தவிலை நானும் சந்தோஷமாகக் கேட்பேன்.

ஒலிப்பொறியாளர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும். இப்போதெல்லாம் ஒவ்வொன்றும் தனித்தனி ட்ராக். குரல் தனியாகத்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கருவிகளை நீக்கிக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்பார். கோப்பில் குரல் தனியாக இருப்பது உண்மை. ஆனால் அது எதைக் கேட்டுக்கொண்டு பாடிய குரல்? கிளிக்கையும் கீபோர்டின் சுருதியையும் கேட்டுப் பாடிய குரல் அவற்றுக்குக் கீழ்ப்படிந்த குரல். கருவியை நீக்கினாலும் கீழ்ப்படிதல் நீங்காது. அம்பாவில் இழுப்பு கடினமாகும்போது நடை தானாக மெதுவாகும். மடி கரையை நெருங்கும்போது வேகம் பிடிக்கும். அந்த வேக மாற்றம்தான் பாட்டின் கதை. ஒரே அளவுக் கிளிக்கில் பாடினால் வலை கரைக்கு வந்ததா இல்லையா என்பதே கேட்பவருக்குத் தெரியாது. குரலைத் தனியாக எடுத்தாலும் அந்த வலை வந்து சேராது.

தன் பாட்டைக் கட்டிப் பாடுகிறவரைத் திருத்தும் ஆவல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சான்று நம் மாநில எல்லைக்கு மேற்கே அட்டப்பாடியில் இருக்கிறது. இருளர் இனத்து நஞ்சியம்மா, 2020இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காகத் தன் மொழியில், தன் சொற்களில் பாடினார். 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. உடனே ஒரு சர்ச்சை எழுந்தது: சாதகம் செய்து, எந்தச் சுருதியிலும் எந்தப் பாட்டையும் கற்றுப் பாடக்கூடியவர்கள் இருக்க, அது தெரியாத ஒருவருக்கு இந்த விருது நியாயமா? அந்தப் பதிவில் கருவிகள் சேர்ந்துதான் இருந்தன என்பதை மறைக்க மாட்டேன். என் வாதத்துக்கு அது முழுச் சாதகமும் அல்ல. ஆனால் எழுந்த அந்தக் கேள்வியில் இருக்கிற அளவுகோலைப் பாருங்கள். பிறர் பாட்டைப் பாடித் தருவதுதான் பாடகரின் வேலை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தன் பாட்டைத் தானே கட்டுகிறவருக்கு அந்தத் தேர்வு பொருந்தாது. எந்தச் சுருதியிலும் பாடத் தெரிந்தவரிடம், வலை இழுத்துக்கொண்டே அடுத்த அடியைக் கட்டிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் வெவ்வேறு பயிற்சி. ஒன்றின் குறையை மற்றதன் கோலால் அளப்பதால்தான், கூடத்தில் இவரைத் திருத்த வேண்டும் என்ற ஆவல் வருகிறது.

அடுத்து வருகிற எதிர்வாதம் என் பக்கத்து நண்பர்களிடமிருந்து வருகிறது. நாட்டார் வழக்காற்றைப் படித்தவர்களிடமிருந்து. கூடமே செயற்கை, கரைக்குப் போய் அங்கேயே பதிவு செய்வதுதானே உத்தமம் என்பார்கள். களப்பதிவின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். பெர்சி மெக்வீன் திரட்டிய நாட்டுப் பாடல்கள் 1958இல் கி.வா.ஜகந்நாதன் கைபட்டு 'மலையருவி'யாக வந்திராவிட்டால், பேராசிரியர் நா.வானமாமலை ஊர் ஊராகத் திரட்ட வழிகாட்டியிராவிட்டால், எத்தனையோ பாடல்கள் மண்ணோடு போயிருக்கும். ஆனால் அந்த வகைத் தொகுப்புகள் பெரும்பாலானவற்றில் திரட்டியவரின் பெயர் அட்டையில் இருக்கும். பாடியவரின் பெயரைத் தேட வேண்டியிருக்கும். களத்தில் பதிவு செய்யும்போது எதை எடுப்பது, எப்போது நிறுத்துவது, எந்த அடியை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பவர் வந்தவர். கூடத்துக்குத் தன் பாட்டோடு போகிறவருக்கு வேறொரு உரிமை இருக்கிறது. இது சரியில்லை, இன்னொரு டேக் போகலாம் என்று அவர் சொல்லலாம். இந்த அடி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம். களப்பதிவில் அவர் ஒரு சான்று. கூடத்தில் அவர் ஆசிரியர். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பாட்டுக்காரர்கள் கூடத்துக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். எளிமை வேண்டும் என்று நான் சொல்வதைக் கூடம் வேண்டாம் என்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றுச் சத்தம் இல்லாத நல்ல அறை, நல்ல மைக், பொறுமையுள்ள பொறியாளர், பின்பாட்டுக்கு அவர் கூட்டிவருகிற அவருடைய ஆட்கள், முடிந்தால் கையில் பிடித்து இழுக்க ஒரு கயிறு. கயிறு என்பதைச் சொல்லழகுக்காகச் சொல்லவில்லை. தூணில் கட்டிய ஒரு கயிறு அவருக்கு மூச்சு எங்கே என்று சொல்லிக் கொடுக்கும். எந்தக் கிளிக்கும் அதைச் செய்யாது.

ஆசிரியர் என்றதும் மூன்றாவது எதிர்ப்பு எழுகிறது. அம்பாவும் நடவுப் பாட்டும் ஊர்ச் சொத்து, மெட்டு தலைமுறை தலைமுறையாக வருவது, அதில் ஒருவர் பெயரைப் பொறிப்பது தகுமா என்று கேட்கிறார்கள். மெட்டு பொதுச் சொத்துதான். வெண்பாவும் பொதுச் சொத்துதான். வெண்பா எழுதியவர் பெயரை நாம் அழித்துவிடுவதில்லை. இந்தச் சீமையின் பெரிய இசை மரபையே எடுத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார், பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர், அரியக்குடி இராமானுஜ ஐயங்காரை உருவாக்கியவர், தன் கீர்த்தனைகளுக்குள்ளேயே 'ஸ்ரீநிவாச' என்ற முத்திரையை வைத்தார். பெருங்கரைக் கவிகுஞ்சர பாரதியின் பேரர் கோடீசுவர ஐயர், தாத்தாவின் மேலுள்ள பக்தியால் 'கவிகுஞ்சர தாசன்' என்று முத்திரை வைத்து, 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் பாடினார். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு தன் ஊர்ப் பெயரையே பாட்டுக்குள் பதித்தார். இவர்கள் யாரும் ராகத்தையோ சந்தத்தையோ தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. பொதுவானதை வாங்கித் தனதாக்கிக் கொடுத்தார்கள், கையெழுத்தும் இட்டார்கள். அம்பா பாடுகிறவருக்குக் கையெழுத்திடப் பாட்டுக்குள் இடமில்லை. அவர் அடி பத்துப் பேர் வாயில் கரைந்துவிடுகிறது. ஆனால் யார் பாடினால் வலை லேசாக வரும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஊர் அறிந்த அந்தப் பெயரைப் பதிவின் மேல் எழுதுவது ஊர்ச் சொத்தைத் திருடுவதாகாது.

இதில் எனக்குள்ள வருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபா அவர்களின் குரலை அறியாத தமிழ் வீடு இல்லை. கோயில் திருவிழாவிலும் ஒலித்த குரல் அது. ஆனால் அவர் பாடிய பாட்டுகளை எழுதியவர்கள் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தயங்கி நிற்போம். பெரிய கவிஞர்களுக்கே இந்தக் கதி என்றால், எழுதாமல் கட்டுகிறவர்களின் கதி என்ன? 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபிறகு, பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பாடியவருக்கும் உரிமைத் தொகையில் பங்கு உண்டு. பெயர் இருந்தால்தான் அந்தப் பங்கைக் கேட்கவே முடியும். 'நாட்டுப்புறப் பாடல்' என்று பொதுவாகப் போட்டுவிட்டு, இசை என்ற இடத்தில் கீபோர்டு வாசித்தவரின் பெயரை எழுதினால், கட்டியவர் கணக்கிலேயே வரமாட்டார். கருவிகள் கூடக் கூடப் பெயர்ப் பட்டியல் நீளும். பட்டியல் நீள நீள, பாட்டுக்குச் சொந்தக்காரர் கீழே போய்விடுகிறார். எளிமையான பதிவில் அவர் ஒளிந்துபோக இடமில்லை.

கடைசியாக, உருக்கத்தைப் பற்றி ஒரு சந்தேகம். எளிமை, மனசிலிருந்து வருவது என்று புகழ்ந்து புகழ்ந்து, சுமாரான பாட்டையும் தலையில் வைத்துக்கொண்டு ஆட நேராதா? நேரும், நேர்ந்தும் இருக்கிறது. பாடுகிறவர் கடலோடி என்பதனால் மட்டும் பாட்டு நன்றாகிவிடாது. பாசி எடுக்கிற பெண் பாடுகிறாள் என்பதனால் மட்டும் அதில் ஆழம் வந்துவிடாது. பாவம் என்று பாராட்டுவது அவமதிப்பின் இன்னொரு முகம். ஆனால் கவனித்துப் பாருங்கள், அலங்காரம்தான் சுமாரான பாட்டைக் காப்பாற்றுகிறது. எளிமை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெறும் குரலில் ஒரு பொய்யான அடி வந்தால் உடனே தெரியும். பழைய சினிமாப் பாட்டின் சொல்லை இரவல் வாங்கியிருந்தால் அப்பட்டமாகத் தெரியும். எதுகைக்காக வந்த சொல், அர்த்தமில்லாமல் தொங்கும். அமெரிக்காவின் புழுதிப் புயலில் குடிபெயர்ந்தவர்களைப் பற்றி வூடி கத்ரி 1940இல் தன் பாட்டுகளை ஒற்றைக் குரலில் பதிவு செய்தார். எண்பது ஆண்டுகள் தாண்டியும் அவை நிற்கக் காரணம் எளிமை மட்டும் அல்ல. எந்த வண்டி, எந்தச் சாலை, எத்தனை பேர், கையில் என்ன மிச்சம் என்று அவர் துல்லியமாகச் சொன்னார்; அந்தத் துல்லியத்தின் குறுக்கே எதுவும் நிற்கவில்லை. நம் கரைப் பாட்டிலும் அந்தத் துல்லியத்தைத்தான் தேட வேண்டும். அமைதியான பெண்கடல் எது, சீறும் ஆண்கடல் எது என்று பிரித்தறிந்த ஊர் இது. வாடையும் கச்சானும் கொண்டலும் வெவ்வேறு குணம் என்று தெரிந்த வாய், பொதுவாகக் கடல், காற்று என்று பாடினால் பாட்டுக்காரர் சோம்பலாக இருக்கிறார் என்று நாம் தாராளமாகச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். அந்த விமரிசனம் அவரைச் சமமாக நடத்துவதாகும்.

இனி இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு. சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பாம்பனிலேயே 2016 ஆகஸ்ட் 15 முதல் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4இல் இயங்குகிறது. மைக்கும் அமைதியான அறையும் கரைக்கு வந்துவிட்டன. ஆனால் எஞ்சின் வந்தபின் துடுப்புப் பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. கரைவலை இழுக்கிற இடங்களும் முன்புபோல் இல்லை. பாட்டை இளமையில் இழுப்போடு கற்றவர்களுக்கு வயதாகிவருகிறது. ஆகவே பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் பதிவுக்கு வரும்போது அவரைத் தனியாக வரச் சொல்லாதீர்கள். பின்பாட்டுக்கு நான்கு பேரையாவது கூட்டிவரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் அன்றைய கூலியைக் கொடுங்கள், ஏனென்றால் அவர்கள் ஒரு நாள் கடல் வேலையை விட்டு வருகிறார்கள். எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்தி, அவர்கள் முடிக்கும்வரை எடுங்கள். வெளியிடும்போது கட்டியவர் பெயர், ஊர், பின்பாட்டுப் பாடிய ஒவ்வொருவரின் பெயர், எந்த வேலைக்கு எந்தக் காற்றில் பாடுகிற பாட்டு என்பது, இவற்றை எழுதுங்கள். பணமும் ஆசையும் மிச்சமிருந்தால், அடுத்த மாதம் தவில்காரரைக் கூப்பிடலாம்.